வீட்டு அடுப்பில் கிறிஸ்துமஸ் கேக்

(மனையியல் பாடக் கட்டுரை)

மார்கழி பிறந்து, வீட்டு முகப்புகளில் நட்சத்திர விளக்குகள் ஏறிவிட்டால், நம் ஊர் அடுப்படிகளுக்கும் ஒரு தனி மணம் வந்துவிடுகிறது. ஒரு வீட்டில் அச்சு முறுக்கு வேகும். மற்றொரு வீட்டில் அதிரசத்துக்கு மாவு புளிக்கும். குமரி மாவட்டத்து வீடுகளில் பாசிப்பயறும் வெல்லமும் சேர்ந்து முந்திரிக்கொத்து ஆகும். இவையெல்லாம் எண்ணெயில் வெந்தெடுக்கும் பலகாரங்கள். இவற்றின் பக்குவம் நம் பாட்டிமாருக்குக் கைவந்த கலை. ஆனால், கனலில் வைத்துச் சுட்டெடுக்கும் கேக்கும் பிஸ்கட்டும் மட்டும் இன்னும் பல வீடுகளில் கடைப்பொருளாகவே இருந்து வருகின்றன. "நம்மிடம் ஓவன் இல்லை, நமக்கு அது சரியாக வராது" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம்.

கேக் மந்திரம் அன்று; கணக்கு. அளவு, சூடு, நேரம் ஆகிய மூன்றையும் கற்றுக்கொண்டால் ஏழாம் வகுப்பு மாணவியும் தாயின் துணையோடு நல்ல கேக் செய்ய முடியும். அந்தக் கணக்கை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம். அதோடு, செய்த கேக்கை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்ற மற்றொரு கணக்கையும் பார்ப்போம். முதல் கணக்கு தவறினால் ஒரு கேக்தான் வீணாகும். இரண்டாவது தவறினால் ஒரு தோழியின் மனம் நோகும்.

கேக் வந்த வழி

நாம் 'பிளம் கேக்' என்கிறோம். அதில் பிளம் பழத்தைத் தேடினால் கிடைக்காது. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சையையும் 'பிளம்' என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பெயரே கேக்குக்கும் நிலைத்துவிட்டது. குளிர்நாடுகளில் டிசம்பர் மாதத்தில் புதுப் பழம் கிடைப்பது அரிது. கோடையில் உலர்த்தி வைத்த பழங்களே பண்டிகைக்கு இனிப்பைத் தந்தன.

இத்தாலியின் மிலான் நகரத்தார் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த மாவில் திராட்சை கலந்து, குவிமாடம் போல உயர்ந்து நிற்கும் 'பனெட்டோனே' ரொட்டியைச் செய்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தார் செய்வது 'ஷ்டோலன்'. மேலே வெள்ளைச் சீனிப்பொடி தூவிய நீண்ட ரொட்டி அது. துணியில் பொதிந்த பாலன் இயேசுவை அது நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். அக்காலத்தில் திருவருகைக் காலம் நோன்புக் காலமாக இருந்ததால், அதில் வெண்ணெய் சேர்க்கத் திருச்சபையின் அனுமதி வேண்டியிருந்தது. எண்ணெயில் செய்த ஷ்டோலன் சுவைக்கவில்லை என்று மக்கள் முறையிட்டனர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை எட்டாம் இன்னசென்ட் அனுமதி அளித்து எழுதிய கடிதம் இன்றும் 'வெண்ணெய் மடல்' என்ற பெயரால் நினைவுகூரப்படுகிறது. ஒரு ரொட்டிக்காகத் திருத்தந்தையிடமே விண்ணப்பித்தார்கள் என்றால், பண்டிகைப் பலகாரத்தை அம்மக்கள் எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பது விளங்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். கேரளத்தின் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் 1880இல் பிஸ்கட் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1883ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பு, அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் உரிமையாளரான பிரவுன் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, அதுபோல ஒன்று செய்து தரும்படி கேட்டாராம். பாபு தம் ஊரில் கிடைத்த பொருள்களைக் கொண்டே அதைச் செய்து கொடுத்தார் என்பது அவ்வூர் சொல்லும் வரலாறு.

தூத்துக்குடி மக்ரூன் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஐரோப்பாவில் பாதாம் பருப்பில் செய்யும் இனிப்பை, நம் கடற்கரையில் முந்திரிப் பருப்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சீனி ஆகியவற்றால் செய்கிறார்கள். அந்த முந்திரி மரமும் பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்ததே. இலங்கையிலோ கிறிஸ்துமஸ் கேக்குக்கு மைதாவுக்குப் பதில் ரவை சேர்ப்பார்கள். சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணி, இஞ்சி, முந்திரி, பன்னீர், தேன் எல்லாம் அதில் உண்டு. சிறு சிறு துண்டுகளாக வெட்டி, தனித்தனியே வண்ணக் காகிதத்தில் பொதிந்து, வரும் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் கொடுப்பது அங்குள்ள வழக்கம்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? அந்தந்த ஊர் தன்னிடம் இருந்த பொருளை வைத்தே பண்டிகையைக் கொண்டாடியிருக்கிறது. எனவே, ஓவன் இல்லை, பாதாம் இல்லை என்று நாம் தயங்க வேண்டியதில்லை.

மாவு ஏன் உப்புகிறது?

கேக் செய்யத் தொடங்கும்முன் அதன் அறிவியலை அறிவது நல்லது. கேக்கின் உள்ளே எண்ணற்ற சிறு துளைகள் இருப்பதைக் கவனித்திருக்கிறோம். அவை காற்றுக்குமிழிகள் இருந்த இடங்கள்.

முதற்குமிழிகள் நம் கையால் உண்டாகின்றன. வெண்ணெயையும் பொடித்த சீனியையும் சேர்த்து அடிக்கும்போது, சீனியின் கூரிய துகள்கள் வெண்ணெய்க்குள் காற்றை இழுத்துச் செல்கின்றன. அதனால்தான் மஞ்சளாக இருந்த வெண்ணெய் அடிக்க அடிக்க வெளுத்து, பஞ்சுபோல ஆகிறது. உருகி ஓடும் வெண்ணெயில் காற்று தங்காது. கல்போல் உறைந்த வெண்ணெயில் காற்று புகாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதமே சரியானது.

அடுத்து வருவது பேக்கிங் பவுடரின் வேலை. ஆப்பச் சோடா என்று நாம் சொல்லும் சோடியம் பைகார்பனேட் ஒரு காரப்பொருள். அது புளிப்புள்ள பொருளோடு சேர்ந்தால் கரியமிலவாயு வெளிப்படும். பேக்கிங் பவுடரில் சோடாவும், உலர்ந்த அமிலப்பொடியும், அவை ஒன்றோடொன்று முன்கூட்டியே கலந்துவிடாதபடி மாவுப்பொடியும் சேர்ந்திருக்கின்றன. ஈரமும் சூடும் பட்டதும் வாயு உண்டாகிறது. அந்த வாயு, நாம் முன்பே அடித்து உண்டாக்கிய குமிழிகளுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. ஆகவே, அடிக்கச் சோம்பல்பட்டுக் கூடுதலாகப் பேக்கிங் பவுடர் போட்டால் கேக் உயராது, முதலில் பொங்கிப் பிறகு நடுவில் குழிந்துவிடும், சுவையும் கசக்கும்.

பொங்கிய குமிழிகள் அப்படியே நிற்க வேண்டுமல்லவா? முட்டையில் உள்ள புரதமும் மாவில் உள்ள மாச்சத்தும் சூட்டில் இறுகிக் குமிழிகளைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. சுவர் இறுகும்முன் மூடியைத் திறந்து பார்த்தால் சூடு இறங்கிக் கேக் அமுங்கிவிடும். முதல் அரைமணி நேரம் திறக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

மைதாவைச் சேர்த்தபின் அதிகமாகக் கலக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. மைதாவும் நீரும் சேர்ந்து பிசையப்படும்போது 'குளுட்டன்' என்னும் இழுபடும் பொருள் உண்டாகிறது. பரோட்டாவுக்கு அது வேண்டும், கேக்குக்கு வேண்டாம். ஆகவே பரோட்டாவுக்கு அடித்துப் பிசைகிறோம். கேக்குக்கு மெல்ல மடித்துக் கலக்கிறோம்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. குமிழிகளும் எளிதில் விரியும். எனவே பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்துக்கொள்வது நலம்.

பழக் கேக் செய்முறை

தேவையான பொருள்கள்: மைதா 200 கிராம், வெண்ணெய் 200 கிராம், பொடித்த சீனி 150 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், டூட்டி ஃப்ரூட்டி மூன்றும் சேர்த்து 300 கிராம். முந்திரிப் பருப்பு 50 கிராம். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு ஆகியவற்றின் பொடி எல்லாம் சேர்த்து 1 தேக்கரண்டி. ஆரஞ்சுப் பழச்சாறு அரை கோப்பை. கருக்கிய பாகுக்குச் சீனி 75 கிராம், வெந்நீர் கால் கோப்பை.

நடுத்தர முட்டை ஒன்று ஓடு நீங்கலாக ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். அப்படியானால் 4 முட்டை 200 கிராம். மாவு, வெண்ணெய், முட்டை மூன்றும் சம எடை. பாகுக்குரியதையும் சேர்த்தால் சீனியும் ஏறக்குறைய அதே அளவு. நான்கும் சம எடை என்ற இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் செய்முறைப் புத்தகமே தேவையில்லை. எவ்வளவு சிறிய கேக்குக்கும் நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1. முதல்நாள் மாலை பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்க வேண்டும். அதையும் திராட்சையையும் ஆரஞ்சுச் சாற்றில் போட்டு 5 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பழங்களை ரம்மில் மாதக்கணக்கில் ஊறவைப்பது சிலர் வழக்கம். நாம் குழந்தைகளுக்காகச் செய்வதால் பழச்சாறே போதும். ஆனால் சாற்றில் ஊறிய பழம் நாள்பட நிற்காது. மறுநாளே பயன்படுத்திவிட வேண்டும்.

2. அடிகனமான பாத்திரத்தில் 75 கிராம் சீனியை மட்டும் இட்டு மிதமான தீயில் வைத்தால், உருகிப் பொன்னிறமாகிப் பின் செம்பழுப்பாக மாறும். உடனே அடுப்பை அணைத்து, எட்டி நின்று வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். உருகிய சீனியின் சூடு கொதிநீரின் சூட்டைவிட மிக அதிகம். மேலே தெறித்தால் தோல் வெந்துவிடும். ஆகவே இந்த ஒரு வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். கேக்குக்குக் கருஞ்சிவப்பு நிறத்தைத் தருவது இந்தப் பாகுதான். வண்ணப்பொடி எதுவும் தேவையில்லை. பாகு முற்றும் ஆறியபின்பே பயன்படுத்த வேண்டும்.

3. மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, மசாலாப் பொடி ஆகியவற்றைச் சேர்த்து இருமுறை சலிக்க வேண்டும். இதில் இரண்டு மேசைக்கரண்டி மாவை எடுத்து, டூட்டி ஃப்ரூட்டி, நறுக்கிய முந்திரி, சாறு வடித்த பழங்கள் ஆகியவற்றின்மேல் தூவிப் புரட்டி வைத்தால், பழங்கள் கேக்கின் அடியில் போய்த் தங்கா.

4. வெண்ணெயையும் பொடித்த சீனியையும் மரக்கரண்டியால் ஒரே திசையில் 15 நிமிடம் அடிக்க வேண்டும். முட்டைகளைத் தனிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து, ஒன்று நன்றாகக் கலந்தபின் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை உடனே சேர்த்தால் வெண்ணெய் திரிந்துபோகும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைப்பது நல்லது. கலவை திரிந்தால் ஒரு கரண்டி மாவு சேர்த்தால் சரியாகிவிடும்.

5. ஆறிய பாகைச் சேர்த்து, சலித்த மாவை மூன்று பங்காகப் பிரித்துப் போட்டு மெல்லக் கலந்து, கடைசியில் பழங்களைச் சேர்க்க வேண்டும். கரண்டியிலிருந்து கலவை கட்டியாக விழ வேண்டும், ஓடக் கூடாது. மிகவும் கெட்டியாக இருந்தால் வடித்த சாற்றில் ஒரு கரண்டி ஊற்றலாம்.

6. 20 செ.மீ. அகலமுள்ள வட்டத் தட்டில் வெண்ணெய் தடவிக் காகிதம் விரித்து, கலவையை முக்கால் பங்குக்கு மேற்படாமல் நிரப்ப வேண்டும். ஓவன் உள்ளவர்கள் முன்பே சூடாக்கி, 160 டிகிரி செல்சியஸில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் வேகவிடலாம். நடுவில் குத்திய ஈர்க்குச்சி மாவு ஒட்டாமல் வந்தால் கேக் வெந்துவிட்டது. 10 நிமிடம் கழித்துத் தட்டிலிருந்து கவிழ்த்து எடுத்து, முழுவதும் ஆறியபின்பே வெட்ட வேண்டும். மறுநாள் வெட்டினால் உதிராமல் வரும்.

ஓவன் இல்லாத வீட்டில்

நம் பாட்டிமார் காலத்தில் மணல் பரப்பிய பாத்திரத்துக்குள் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின்மேல் கொட்டாங்கச்சிக் கனலைப் பரப்புவார்கள். கீழும் மேலும் கனல், நடுவில் கேக். அதுவும் ஓர் ஓவன்தான்.

இன்று காஸ் அடுப்பிலும் அதைச் செய்யலாம். அடி கனமான பழைய அலுமினியப் பாத்திரத்தில், கழுவிக் காயவைத்த மணலையோ கல்லுப்பையோ 2 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, நன்றாக மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் காயவிட வேண்டும். பின்பு கேக் தட்டை வளையத்தின்மேல் வைத்து மூடி, தீயை மிகவும் குறைத்து ஒன்றேகால் மணி நேரம் வேகவிட வேண்டும். தட்டு மணலில் நேரே படக் கூடாது. மேல்புறம் அவ்வளவாகச் சிவக்காது, சூடு கீழிருந்தே வருவதால் அப்படி, சுவைக்குக் குறைவில்லை. பிரஷர் குக்கரைப் பயன்படுத்துவோர் அதன் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். வெறும் சூட்டில் பாத்திரம் கெடும் என்பதால், சமையலுக்கு அன்றாடம் பயன்படும் குக்கரை இதற்கு எடுக்காமல் இருப்பதே நன்று. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் சிறுமியர் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. கலவைக் கிண்ணத்தை வழித்து நக்குவது குழந்தைகளுக்கு மிகப் பிடித்த செயல். வேகாத முட்டையிலும், வேகாத மாவிலும்கூட, வயிற்றுக்கு ஊறு செய்யும் கிருமிகள் இருக்கக்கூடும். வெந்த கேக்கில் முதல் துண்டு தருவதாகச் சொல்லி அவர்களைக் காத்திருக்கச் செய்வோம்.

யார் தட்டு வெறுமையாக இருக்கும்?

நம் வகுப்பறையை எண்ணிப் பார்ப்போம். எல்லாச் சமயத்தவரும் ஒரே பெஞ்சில் அமர்கிறோம். தீபாவளிக்கு அதிரசமும், ரம்ஜானுக்குப் பிரியாணியும், கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் கைமாறுகின்றன. ஆனால் நாம் ஆசையோடு நீட்டும் கேக்கை எல்லோரும் உண்ண முடியுமா? சில தோழியர் முட்டை உண்பதில்லை. ரம் சேர்ந்த கேக்கை இஸ்லாமியத் தோழியர் தொடமாட்டார்கள். சிலருக்கு முந்திரியோ நிலக்கடலையோ ஒவ்வாது. ஒரு சிறு துணுக்குப் பட்டாலும் உடல் தடித்து, மூச்சுத் திணறும் அளவுக்குப் போகலாம். இத்தகைய ஒவ்வாமையில், "கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆல்பிரட் பேர்டு என்ற ஆங்கிலேய மருந்தாளரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒவ்வாமல் இருந்தன. அவருக்காகவே பேர்டு 1837இல் முட்டையில்லாத கஸ்டர்டு பொடியையும், 1843இல் பேக்கிங் பவுடரையும் உருவாக்கினார். மற்றவர்கள் உண்பதைத் தம் வீட்டில் ஒருவர் உண்ண முடியவில்லையே என்ற அக்கறையிலிருந்து பிறந்த அந்தப் பொடி, இன்று உலகமெங்கும் கேக்கை உயர்த்துகிறது.

ஒரு தோழிக்காகத் தனியே ஒரு சிறு தட்டு வைப்பது நல்லதுதான். ஆனால் எல்லோர் நடுவிலும் தனித்தட்டில் உண்பவளுக்கு, தான் வேறானவள் என்ற கூச்சம் வரலாம். அதைவிட நல்ல வழி, எல்லோரும் உண்ணக்கூடிய ஒரு பலகாரத்தைச் செய்து, அதையே நடுவில் வைத்து முதலில் பரிமாறுவது. அத்தகைய இரண்டைக் கீழே தருகிறோம். இரண்டிலும் முட்டை, மது, முந்திரி, நிலக்கடலை எதுவும் இல்லை.

தயிர்க் கேக்: ஒரு கோப்பைத் தயிரில் முக்கால் கோப்பைச் சீனியைக் கரைத்து, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி ஆப்பச் சோடாவும் சேர்த்து 5 நிமிடம் வைத்தால் நுரைத்து எழும். தயிரின் புளிப்பும் சோடாவின் காரமும் சந்திப்பதை இங்கே கண்ணாலேயே காணலாம். பின்பு அரை கோப்பை மணமில்லாத எண்ணெய், ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ், சலித்த மைதா ஒன்றரை கோப்பை, டூட்டி ஃப்ரூட்டி 100 கிராம் என்ற வரிசையில் சேர்த்து மெல்லக் கலந்து, காலந்தாழ்த்தாமல் அடுப்பில் வைக்க வேண்டும். தாமதித்தால் வாயு வெளியேறிவிடும். 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் போதும்.

நெய் பிஸ்கட்: வடநாட்டார் இதை நான்கட்டாய் என்பார்கள். உறைந்த நெய் 100 கிராம், பொடித்த சீனி 100 கிராம் இரண்டையும் வெளுக்கும்வரை தேய்த்து, மைதா 150 கிராம், கடலை மாவு 25 கிராம், ரவை 25 கிராம், ஏலப்பொடி, ஒரு சிட்டிகை சோடா சேர்த்துப் பிசைய வேண்டும். தண்ணீர் சேர்க்கக் கூடாது. நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாகத் தட்டி, இடைவெளி விட்டு அடுக்கி, 160 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும்; ஆறியதும் மொறுமொறுப்பாகும். ஏறக்குறைய 25 பிஸ்கட் வரும். உருட்டுவதும் தட்டுவதும் சின்னஞ்சிறு தம்பி தங்கைகளுக்கு ஏற்ற வேலை. கடலை மாவும் ஒவ்வாதவர் இருந்தால் அதை விட்டு, மைதாவைக் கூட்டிக்கொள்ளலாம்.

கொடுக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுவோம். கடையில் வாங்கும் பொட்டலங்களில் பச்சை வட்டம் சைவம் என்பதையும், பழுப்பு முக்கோணம் அசைவம் என்பதையும் காட்டுகின்றன. முட்டை சேர்ந்த கேக்குக்கும் பழுப்புக் குறியே. சட்டத்துக்கு அஞ்சிக் கடைக்காரர் செய்வதை, அன்பின் பொருட்டு நாம் செய்யக் கூடாதா? முட்டை சேர்ந்ததை மறைத்து, "சும்மா சாப்பிடு" என்று கொடுப்பது விளையாட்டு அன்று. ஒருவர் நம்மேல் வைத்த நம்பிக்கையை உடைப்பதாகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுப்பதில் முழு முந்திரி இருக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சர்க்கரை நோயுள்ள தாத்தா பாட்டிக்கு, கேக்குக்குப் பதில் ஒரு ஆரஞ்சும் ஒரு வாழ்த்து அட்டையும் கொண்டு சென்றால் அவர்களும் மகிழ்வார்கள்.

கொடுக்கும் முறை

மேலே சொன்ன பழக் கேக் வெந்தபின் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். 50 கிராம் துண்டுகளாக வெட்டினால் 20 பேருக்குக் குறையாமல் வரும். பெரிய துண்டாகச் சிலருக்குக் கொடுப்பதைவிடச் சிறிய துண்டாக எல்லோருக்கும் கொடுப்பது மேல். யாருக்கெல்லாம் என்று முதலில் எழுதிக்கொண்டு, பிறகு வெட்டுவோம். அந்தப் பட்டியலில் அண்டை வீட்டார், தோழியர் பெயர்களோடு, பள்ளியைத் துப்புரவு செய்யும் அம்மா, வாயிற்காவலர், பேருந்து ஓட்டுநர் பெயர்களும் இருக்கட்டும்.

நம் ஊரில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பலகாரம் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. வேறொன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவார்கள். ஆனால் வேலையில்லாமல், கையில் காசில்லாமல் இருக்கும் வீட்டுக்கு நாம் எவர்சில்வர் டப்பா நிறையக் கேக் அனுப்பினால், அந்த வீட்டுத் தாய் "இதை எதைப் போட்டுத் திருப்பித் தருவது?" என்று கவலைப்படுவாள். நம் பரிசு அவளுக்குக் கடனாகிவிடும். அதனால் அப்படிப்பட்ட வீடுகளுக்குக் காகிதப் பையிலோ வாழையிலையில் பொதிந்தோ கொடுப்போம். திருப்பித் தர அங்கே பாத்திரமே இருக்காது. கொடுத்ததைப் பிறரிடம் சொல்லாமலும் இருப்போம்.

கேக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மூன்று நான்கு நாளும், குளிர்பெட்டியில் ஒரு வாரமும் கெடாது. மழைக்காலமாதலால் பூஞ்சை எளிதில் பிடிக்கும்; ஓரிடத்தில் பூஞ்சை கண்டாலும் அந்தக் கேக்கை முழுவதும் எறிந்துவிட வேண்டும்.

விடுமுறைப் பயிற்சி

1. வீட்டில் உள்ள ஆப்பச் சோடாவில் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விடவும். பேக்கிங் பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்து வெந்நீர் விடவும். எது நுரைக்கிறது, எது நுரைக்கவில்லை என்று குறித்துக்கொள்ளவும். நுரைக்காதது பழையது, கேக்குக்கு ஆகாது.

2. வீட்டில் ஒரே ஒரு முட்டைதான் இருக்கிறது. நான்கும் சம எடை என்ற விதிப்படி மைதா, வெண்ணெய், சீனி ஒவ்வொன்றும் எத்தனை கிராம் எடுக்க வேண்டும்? எத்தனை பேருக்கு வரும்?

3. பாட்டியிடமோ அண்டை வீட்டுப் பெரியவரிடமோ கேட்டு, அவர்கள் சிறு வயதில் பண்டிகைக்குச் செய்த ஒரு பலகாரத்தின் செய்முறையை அளவுகளோடு எழுதி வரவும்.

4. வகுப்பில் உடன் அமரும் தோழி எதை உண்பாள், எது அவளுக்கு ஒவ்வாது என்று நமக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், அடுப்பைப் பற்றவைக்கும்முன் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.